மன்னாரை மங்கலாக்கும் வில்லைகள்

மன்னாருக்குக் கமராவோடு வருகிறவர்களை நீண்ட காலமாகக் கவனித்து வருகிறேன். முன்பெல்லாம் அவர்கள், எங்கே தங்கலாம், யாரைச் சந்திக்கலாம், பேசாலைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார்கள். இப்போது வருகிறவர்கள் நாம் கேட்காமலே ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள்: தங்கள் பையில் இருப்பது 1950களின் குக் ஸ்பீட் பஞ்ச்ரோ, அல்லது சோவியத் காலத்து ஹீலியோஸ், அல்லது எழுபதுகளின் கனன் கே-35. பேசாலை தீவுக்குள் இருக்கிறதா, வங்காலை தீவுக்குள் இருக்கிறதா என்று தெரியாதவர்களுக்கும் தங்கள் வில்லையின் வயதும் வம்சமும் மனப்பாடம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னாரில் ஒரு முகத்தையோ ஒரு பொருளையோ கிட்ட நின்று படமாக்குவதற்கு, துவாரத்தை முழுக்கத் திறந்துவைத்த பழைய சினிமா வில்லை தவறான கருவி. அதை வாங்குவது காசுக்குக் கேடு. அதன் வழியாகப் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. படத்தில் இருக்கும் மனிதருக்குத்தான் ஆகப் பெரிய கேடு. இந்த மோகத்தை வளர்த்து விற்கிற வியாபாரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல இருக்கிறது.

சும்மா காற்றோடு சண்டை பிடிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து ஓர் இளைஞர் மின்னஞ்சல் எழுதியிருந்தார். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரைப் பற்றி முப்பது நிமிட ஆவணப்படம் எடுக்கப் போகிறாராம். முழுக்க முழுக்க அண்மைக் காட்சிகள். அதற்காக 75 மில்லிமீற்றர் ஸ்பீட் பஞ்ச்ரோ ஒன்றை வாடகைக்கு எடுப்பதா, விலைக்கே வாங்குவதா என்று யோசிக்கிறாராம். வில்லையைப் பற்றி மூன்று பந்தி. அதன் மென்மை, தோலின் மேல் அது பூசும் வெண்ணெய் போன்ற ஒளி, பின்னணி கரைந்துபோகும் அழகு. கடைசியில் ஒரு வரி: 'பேசக்கூடிய நான்கைந்து அம்மாமாரை ஒழுங்கு செய்து தர முடியுமா ஐயா?' மரியாதையான பிள்ளை. நல்ல நோக்கம். ஆனால் வில்லைக்கு மூன்று பந்தி, அம்மாமாருக்கு ஒரு வரி என்கிற அந்த விகிதந்தான் என்னை எழுத உட்காரவைத்தது. இதே கணக்கைச் சொல்லும் கடிதங்கள் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகின்றன.

முதலில் அந்தப் புகழ்பெற்ற மென்மை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ரெயிலர், ரெயிலர் அன்ட் ஹொப்சன் நிறுவனம் ஸ்பீட் பஞ்ச்ரோக்களை 1920களில் செய்யத் தொடங்கியது. விரைவிலேயே பேசும் படம் வந்தது. கார்பன் ஆர்க் விளக்குகளின் இரைச்சல் ஒலிப்பதிவில் விழுந்தது. அவற்றை அகற்றிவிட்டு இழைவிளக்குகளை ஏற்றினார்கள். அன்றைய படச்சுருள் மந்தம், விளக்கோ போதாது. ஆகவே எஃப் 2 என்கிற அகன்ற துவாரம் தேவைப்பட்டது. அந்தத் துவாரத்தைத் திறந்தது வெளிச்சப் பஞ்சத்துக்காக. ஓரங்கள் மங்குவதும் பின்னணி குழைவதும் அதனோடு சேர்ந்து வந்த இழப்புகள். அன்றைய ஒளிப்பதிவாளர்கள் அந்த இழப்பைச் சமாளித்துச் சமாளித்து ஒரு கலையாக்கினார்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் இழப்பையே சரக்காக்கி விற்பது வேறு கதை.

அந்தக் கதை நம் காலத்தது. 2008இல் கனன் 5டி மார்க் 2 வந்து, கையடக்கமான ஒளிப்படக் கமராவிலேயே சினிமாத் தோற்றம் கிடைக்கத் தொடங்கியது. பிறகு கண்ணாடியற்ற கமராக்கள் வந்தன. அவற்றில் வில்லை பொருந்தும் முகப்புக்கும் உணரிக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. இடையில் ஒரு வளையத்தைப் போட்டால் உலகத்தில் உள்ள எந்தப் பழைய வில்லையும் பொருந்தும். டிஜிட்டல் படம் மட்டுமீறிக் கூர்மையாக இருக்கிறது, ஆஸ்பத்திரி வெளிச்சம் போல இருக்கிறது என்று இயக்குநர்கள் அலுத்துக்கொண்டார்கள். அலுப்புக்கு மருந்தாகப் பழைய கண்ணாடி வந்தது. தூசி படிந்து கிடந்த வில்லைகளைப் புதிய உலோகக் கூட்டுக்குள் பொருத்தி, பற்சக்கரம் வைத்து, தொகுதியாக விற்கத் தொடங்கினார்கள். அப்படிப் புதுப்பித்த ஸ்பீட் பஞ்ச்ரோத் தொகுதியின் விலை இன்று பல்லாயிரம் பவுண். சந்தையின் பசியைப் பார்த்து குக் நிறுவனமே 2017இல் அந்தப் பழைய தோற்றத்தைப் புதிதாகச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய குறையைப் புதிய தொழிற்சாலையில் அளவெடுத்துச் செய்கிறார்கள்! கூப்பன் அரிசிக் கல்லுக்கு நாங்கள் காசு கொடுத்ததில்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். நான் கலைப்பீடத்தில் படித்தவன். இருந்தாலும் இந்தக் கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

சூப்பர் 35 அளவுள்ள உணரியில் 75 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தி, எஃப் 2 துவாரத்தில், ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கும் முகத்தைப் படமெடுக்கிறீர்கள் என்று வையுங்கள். தெளிவாக விழும் ஆழம் இரண்டு சென்ரிமீற்றரை எட்டாது. கண்ணிமை தெளிவாக இருந்தால் மூக்கு நுனி மங்கல், காது மங்கல். இதைத்தான் வெண்ணெய் என்கிறார்கள். சரி, இருக்கட்டும். மன்னார்த் தாய் கமராவுக்கு முன் எப்படி இருப்பாள்? கையில் மகனின் படத்தை வைத்திருப்பாள். பிளாஸ்ரிக் உறை போட்ட படம். அதை நெஞ்சுக்கு முன்னே, முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நமக்குக் காட்டியபடி பிடித்திருப்பாள். ஊர்வலத்திலும் அப்படித்தான், உண்ணாவிரதப் பந்தலிலும் அப்படித்தான், வீட்டு விறாந்தையிலும் அப்படித்தான். அந்த ஒரு சாண் தூரத்தை இந்த வில்லையால் கடக்க முடியாது. தாய் தெளிந்தால் மகன் மங்குவான். மகன் தெளிந்தால் தாய் மங்குவாள். எத்தனையோ ஆண்டுகளாக இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று தவம் கிடக்கிற ஒருத்திக்கு முன்னால் போய் நின்று, இருவரில் ஒருவரைத் தெரிவுசெய்யச் சொல்கிறது உங்கள் பல்லாயிரம் பவுண் கண்ணாடி.

அதே இடத்தில் ஒரு சாதாரண 50 மில்லிமீற்றர் வில்லை, எஃப் 8: ஆழம் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர். எஃப் 11 என்றால் 20 சென்ரிமீற்றரைத் தாண்டும். இன்னும் அரை மீற்றர் பின்னே நகர்ந்தால், எஃப் 8இலேயே 30 சென்ரிமீற்றருக்கு மேல். தாயும் மகனும் ஒரே சட்டகத்தில், ஒரே தெளிவில். இதற்குக் கூடுதலாக ஒரு சதமும் தேவையில்லை. ஒரு வளையத்தைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

பின்னணி கரைவதுதான் அழகு என்று வாதிடுகிறவர்களிடம் எனக்கு இருப்பது ஒரே கேள்வி. மன்னாரில் எந்தப் பின்னணியைக் கரைக்க விரும்புகிறீர்கள்? தீவின் தென்கரையோரத்தில் தம்பபவனி என்ற பெயரில் முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டவை. நான் பார்த்த ஒரு குறும்படத்தில் அவை மாலை வெயிலில் வெள்ளைக் கோடுகளாக உருகி ஏதோ ஓவியம் போலத் தெரிந்தன. அந்தக் காட்சியில் பேசிக்கொண்டிருந்த மீனவரோ, மழைவெள்ளம் வடியும் வழிகள் மாறிப்போனதைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குற்றஞ்சாட்டுகிற பொருள் அவருக்குப் பின்னால் நிற்கிறது. வில்லை அதை அலங்காரமாக்கிவிட்டது. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தன் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டதும், அதே ஆண்டு ஓகஸ்டில் புதிய காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் தெருவில் இறங்கியதும் செய்தி வாசிக்கிறவர்கள் அறிந்தவை. அந்த நாட்களில் எடுத்த படங்களில் கைத்தொலைபேசியால் பிடித்தவைதான் எனக்குப் பயன்பட்டன. அவற்றில் ஆள் தெரிந்தார், கையிலிருந்த பதாகை தெரிந்தது, பதாகைக்குப் பின்னால் பொலிஸ் நின்ற இடமும் தெரிந்தது.

முப்பது வருடம் பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்தவனுக்குத் தெளிவு என்பது ரசனையைப் பற்றிய விஷயமாக இருக்க முடியாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் அச்சாகின என்பது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தாளில் படம் மை அப்பிய திட்டாக விழும். அடுத்த நாள் காலை காரியாலய வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். 'தம்பி, இந்தப் படத்தில இருக்கிறது எங்கட பெடியன்தானோ எண்டு சொல்ல முடியேல்ல. நெகற்றிவ்வைக் காட்டுவீங்களோ?' மங்கலின் விலை என்ன என்று அந்த வாசலில் நின்றவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

இந்த மோகத்தின் இன்னொரு வேடிக்கை, மன்னார் வெயிலில் இது எப்படி வேலை செய்கிறது என்பது. வெள்ளை மணல், உப்பளம், கடல். மூன்றும் சூரியனைத் திருப்பி எறிகின்றன. இன்றைய கமரா ஒன்றை அதன் வழக்கமான ஐ.எஸ்.ஓ. 800இல் வைத்து, நொடிக்கு ஐம்பதில் ஒரு பங்கு வேகத்தில் ஓடவிட்டால், நடுப்பகல் வெளிச்சத்துக்கு எஃப் 64 வேண்டும். அப்படி ஒரு துவாரம் இந்த வில்லைகளில் கிடையாது. அதை எஃப் 2இல் திறக்க வேண்டுமென்றால் வெளிச்சத்தைப் பத்துத் தடவை பாதி பாதியாகக் குறைக்க வேண்டும். அதாவது, ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் உள்ளே விடுகிற கறுப்பு வடிகண்ணாடியை முன்னால் மாட்ட வேண்டும். ஒளியை அள்ளிச் சேர்க்கும் வில்லைக்கு ஒரு விலை. அள்ளியதை வெளியே கொட்டும் கண்ணாடிக்கு இன்னொரு விலை. பழைய வில்லையின் பூச்சு எளிமையானது. அல்லது பூச்சே இருக்காது. நேரே வரும் வெயிலில் உள்ளுக்குள் ஒளி சிதறிப் படம் முழுவதும் பால் ஊற்றியது போல ஆகும். நேர்மையாகச் சொல்வதானால், அந்தச் சிதறல் நிழல்களைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். உச்சி வெயிலில் தொப்பிக்குக் கீழே மறைந்த கண்கள் சற்றுத் தெரியும். இந்த ஒரு நன்மையை நான் மறுக்கவில்லை. ஒரு வெள்ளைச் சீலையைப் பக்கத்தில் பிடித்தாலும் அதே நன்மை கிடைக்கும்.

கலைக்கு விதி சொல்ல நீ யார் என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். அண்மைக் காட்சியைச் சினிமாவின் உச்சத்துக்குக் கொண்டுபோன படம் எது என்று கேட்டால், கார்ல் தியடோர் டிறையர் 1928இல் எடுத்த ஜோன் ஒஃப் ஆர்க் படத்தையே பெரும்பாலானோர் சொல்வார்கள். அதில் ஃபல்கொனெற்றியின் முகத்துக்கு ஒப்பனை கிடையாது. எல்லா நிறத்துக்கும் உணர்வுள்ள பஞ்ச்ரொமற்றிக் சுருளில் ஒவ்வொரு சுருக்கமும், நீதிபதிகளின் முகத்து மருக்களும் எச்சில் துளியும் பதிவாகின. முகத்தை மெழுகாமல் விட்டதே அந்தப் படத்தின் வலிமை. பாஸ் பார்த்து வளர்ந்த பேசாலைக்காரருக்கு, பாடுபடும் முகத்தை எவ்வளவு கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நம்மவரிலும் ஒருவர் இருந்தார்: மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. இயற்கை ஒளியில் ஒப்பனையற்ற முகங்களைப் படமாக்கிய அவருடைய 'வீடு' 1988இல் வந்தது. அர்ச்சனாவின் முகத்தை எந்த அளவுக்கு அது நினைவில் வைக்கிறதோ, அந்த அளவுக்குப் பாதி எழும்பிய அந்தச் செங்கற் சுவரையும் நினைவில் வைக்கிறது. சுவரை மங்கலாக்கியிருந்தால் அந்தப் பெண்ணின் துயரத்துக்கு விலாசமே இருந்திராது.

சரி, வியாபாரம். இந்தக் கரைக்கு வியாபாரம் புதிதல்ல. அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மரிச்சுக்கட்டியிலும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது வாங்கியவனின் விதி. 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் வந்தன; அதற்கு அடுத்த ஆண்டே ஒரு தனியார் கம்பனி இருபது வருடக் குத்தகைக்கு எடுத்து, சில வருடங்களிலேயே கையைச் சுட்டுக்கொண்டது. இணையத்தில் பழைய வில்லை வாங்குவது அந்தத் திறவாச் சிப்பி ஏலமேதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சிப்பி திறந்து முத்து வெளியே வந்த பிறகு முத்து வியாபாரியிடம் மழுப்பல் கிடையாது. இருபது துளையிலிருந்து ஆயிரம் துளை வரை பத்துப் பித்தளைச் சல்லடைகள் வைத்திருந்தார்கள். சலித்து, அளவு பிரித்து, பிறகு உருட்சியும் நிறமும் பார்த்துத் தரம் போட்டார்கள். கோணல் முத்தைக் 'குணமுள்ள முத்து' என்று சொல்லிக் கூட்டி விற்க முனைந்தவனைச் சிலாவத்துறைக் கடற்கரையில் கட்டிவைத்திருப்பார்கள். இன்றைய வில்லைச் சந்தையிலோ 'குணம்' என்பதே மந்திரச் சொல். ஓரம் மங்கலா? குணம். ஒளி சிதறுகிறதா? குணம். பின்னணி சுழல்கிறதா? அது பெருங்குணம். சோவியத் தொழிற்சாலைகள் செனித் கமராவோடு சேர்த்து இலட்சக்கணக்கில் செய்து தள்ளிய ஹீலியோஸ் 44, ஜேர்மனியின் பயோற்றார் வில்லையைப் பார்த்துச் செய்தது. அதன் பின்னணிச் சுழற்சி வடிவமைப்பில் மிஞ்சிய திருத்தப்படாத பிழை. அந்தப் பிழைக்கு இன்று தனி விளம்பரம்.

குணம் என்ற போர்வைக்குள் உண்மையான நோய்களும் மறைந்து வருகின்றன. நம் கரையோர ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்தி நூல் போலப் படரும். விட்டால் பூச்சை அரித்துக் கண்ணாடியிலேயே தழும்பாகும். 'சிறு பூஞ்சணம், படத்தைப் பாதிக்காது' என்று விற்பனைக் குறிப்பில் கண்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். பாதிக்காது என்பது விற்பவரின் சோதிடம். வாங்குவதென்றால் நேரில் வாங்குங்கள். இருட்டறையில் ஒரு டோர்ச் லைற்றைப் பின்புறமிருந்து அடித்துப் பாருங்கள். வெண்மூட்டம் தெரிகிறதா? இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டு வானவில் வளையம் தெரிகிறதா? துவார இதழ்களில் எண்ணெய் மினுங்குகிறதா? பழைய கண்ணாடிக்குள் ஒன்றிரண்டு காற்றுக் குமிழ் இருந்தால் பயப்பட வேண்டாம். அது நோயல்ல, பிறவி மச்சம்.

கண்ணாடி தேநீர் நிறத்தில் மஞ்சளித்திருந்தால் அது தோரியமாக இருக்கக்கூடும். 1940களிலிருந்து 70கள் வரை பல நிறுவனங்கள் ஒளியைக் கூடுதலாக வளைப்பதற்காகக் கண்ணாடியில் தோரியம் சேர்த்தன; அதன் கதிரியக்கமே காலப்போக்கில் கண்ணாடியை மஞ்சளாக்குகிறது. புறஊதா விளக்கின் கீழ் நாட்கணக்கில் வைத்தால் மஞ்சள் தெளியும். சாதாரணமாகப் பயன்படுத்துவதால் பெரிய ஆபத்தில்லை. உடைப்பதும் தேய்ப்பதுந்தான் கூடாது. தோரியம் கிடைப்பது மொனசைற் மணலிலிருந்து. கன்னியாகுமரிப் பக்கத்தில் மணவாளக்குறிச்சி மணலுக்காக நூறு வருடத்துக்கு முன்பே ஐரோப்பியர் அலைந்தார்கள். அன்று அது கேஸ் விளக்கின் வலைத்திரிக்குத் தேவைப்பட்டது. இன்று மன்னார்த் தீவின் மணலில் இல்மனைற் தேடி அவுஸ்திரேலியக் கம்பனி துளையிட்டுப் பார்த்திருக்கிறது. நம் கடற்கரைகளை அள்ளிக்கொண்டுபோய்ச் செய்த பொருட்கள் வழியாகவே நம்மைப் பார்க்க வருகிறார்கள் என்று இதை நீட்டி ஒரு கட்டுரை எழுதலாம். இப்போதைக்கு வேண்டாம்.

இந்தச் சந்தையின் மறுகரையில் நிற்பவர்கள் நம் ஊர் ஸ்ரூடியோக்காரர்கள். கலியாணப் படமும் அடையாள அட்டைப் படமும் எடுத்து நாற்பது வருடம் பிழைத்து, இப்போது கண்ணும் காலும் ஓய்ந்து வீட்டோடு இருக்கிறவர்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர் ஒருவர் 'ஞாபகார்த்தமாக' என்று சொல்லி அவர்களுடைய அலுமாரியிலிருந்து ஒரு வில்லையைச் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கிப் போகிறார். மாதம் ஒன்று கழிய அதே வில்லை டொலரில் விலைபோட்டு இணையத்தில் நிற்கிறது; 'போர்க்கால இலங்கையிலிருந்து' என்று ஒரு வரலாறும் சேர்த்து. அப்படி ஒரு பட்டியலை நான் கண்ணால் பார்த்தேன். விற்றவருக்குக் காட்டினேன். 'போகட்டும் தம்பி, அதால இனி எனக்கென்ன' என்றார். அவருக்கு எப்படியோ, எனக்கு மனம் ஆறவில்லை. வாங்குகிறவர்கள் சந்தை விலையைச் சொல்லிவிட்டுப் பேரம் பேசட்டும். அது தெரியாத கிழவரிடம் போய் ஞாபகார்த்தம் பேசுவது களவுக்குப் பக்கத்து வீடு.

இந்த மோகக்காரர் எவரும் சொல்லாத ஒரு செய்தி: பழைய சினிமா வில்லைகளில் பெரும்பாலானவை உண்மையான அண்மைக் காட்சிக்கு வரவே மாட்டா. இரண்டு மூன்று அடிக்குக் கிட்டே போனால் குவியம் பிடிக்காது. அதற்காக முன்னால் டயொப்டர் கண்ணாடி மாட்டுவார்கள், அல்லது பின்னால் நீட்டிப்பு வளையம் போடுவார்கள். டயொப்டரோடு ஓரங்கள் இன்னும் குழையும். வளையத்தோடு ஒளி குறையும். பொருளை அதன் உண்மை அளவிலேயே உணரியில் விழுத்தும்போது நாலில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். ஆகவே கிட்டே போகவென்று வாங்கிய வில்லையைக் கிட்டே கொண்டுபோகவே இன்னொரு செலவு.

உண்மையில் கிட்டே போவதற்கென்றே பிறந்த பழைய வில்லை ஒன்று உண்டு. 1956இல் யப்பானின் நிக்கொன் நிறுவனம் 5 சென்ரிமீற்றர் மைக்ரோ நிக்கோரை வெளியிட்டது. நூலகப் பக்கங்களை மைக்ரோஃபிலிமில் பதிக்கும்போது ஆங்கில எழுத்துக்குப் போதுமாயிருந்த வில்லைகள், கோடுகள் நெருங்கிய காஞ்சி எழுத்துகளுக்குப் போதவில்லை. அந்த எழுத்துகளை வாசிக்கும்படி பதிக்கவே அதைச் செய்தார்கள். தன் மொழியின் எழுத்து மங்கக்கூடாது என்பதற்காக ஒரு தேசம் செய்த வில்லை! அதன் வழிவந்த 55 மில்லிமீற்றர் எஃப் 3.5 வில்லை 1961 முதல் வந்தது. தனியாகவே பொருளைப் பாதி அளவு வரை உணரியில் விழுத்தும். முன்கண்ணாடி ஆழப் பதிந்திருப்பதால் மன்னார் வெயிலுக்கு வேறு மறைப்பும் தேவையில்லை. பெரும்பாலும் நூறு டொலருக்குள் கிடைக்கிறது. எவரும் இதற்குக் கவிதை எழுதுவதில்லை. எழுத்தைத் தெளிவாகக் காட்டுவது குணத்தில் சேர்த்தியில்லைப் போலும்.

மன்னாரிலிருந்து உலகத்தின் முன் வைக்கப்பட்ட மிகக் கனமான சாட்சியம் ஒரு முகம் அல்ல என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அது ஒரு கழித்தல் கணக்கு. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அதை வைத்தார். 2008 ஒக்ரோபரில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. போர் முடிந்து அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தவர்கள் 282,380. மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். 2021 ஏப்ரலில் அவர் காலமாகும்வரை அதற்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியின் பலம் கச்சேரித் தாளில் இருந்தது. ஓர் இலக்கம் மங்கினால் கேள்வியே மங்கிவிடும்.

மண்ணுக்குள் இருந்து வந்த சாட்சியங்களும் அப்படித்தான். 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்தருகே தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. 2018இல் மன்னார் நகர வாசலில் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது தொடங்கிய அகழ்வில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன, சிறுவர்களுடையவை 28. 2019 மார்ச்சில் அமெரிக்க ஆய்வுகூடத்தின் காபன் அறிக்கை அவற்றை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. உறவினர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நான் அந்த வாதத்துக்குள் இப்போது போகவில்லை. எலும்பின் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கிறார்கள் அல்லவா? அந்தப் படத்தில் அளவுகோலும் எலும்பும் மண் அடுக்கும் ஒன்றாகத் தெளிந்திருக்க வேண்டும். அங்கே யாரும் வெண்ணெய் தடவுவதில்லை. 2025 ஓகஸ்டில் யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழியில் எடுத்த துணிகளையும் பொருட்களையும் உறவினர்கள் அடையாளம் காணட்டும் என்று பார்வைக்கு வைத்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் சட்டையை எதைக்கொண்டு அடையாளம் காண்பாள்? தானே தைத்த பொத்தானின் நூல் நிறம். கிழிந்த இடத்தில் போட்ட தையல். மஞ்சளித்த கண்ணாடி வெள்ளை நூலை மஞ்சளாகக் காட்டும். திறந்த துவாரம் தையலைக் கரைத்துவிடும். அண்மைக் காட்சி எதற்காக என்ற கேள்விக்கு நான் கொடுக்கக்கூடிய பதில் அந்த நூலும் தையலுந்தான்.

எனவே மன்னாருக்கு வருகிற இளைஞர்களிடம் நான் கேட்பது இது. முகங்களை எடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எஃப் 8இல் எடுங்கள். முகத்துக்குப் பிறகு கமராவைக் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஆணைக்குழு ஒவ்வொன்றுக்கும் கொடுத்த மனுவின் நகல், மகனின் பாடசாலை அறிக்கை, ஞானஸ்நானப் பத்திரம், அவன் எழுதிய கடைசிக் கடிதம். உப்புக் காற்றில் கார்பன் பிரதியின் நீலம் வெளிறிக்கொண்டிருக்கிறது. பைக்காரிகளில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். பைகள் மட்டும் இருக்கின்றன. அந்தத் தாய் தாளை விரிக்கும் கையையும், வரியின் கீழே நகரும் விரலையும், விரல் நின்ற இடத்துத் திகதியையும் தெளிவாக எடுங்கள். பாதி அளவில் எஃப் 8 கொடுக்கும் ஆழம் இரண்டரை மில்லிமீற்றர்கூட இல்லை; எஃப் 2 என்றால் ஒரு மில்லிமீற்றரும் தேறாது, மடிப்பில் விழுந்த எழுத்துப் போய்விடும். ஆகவே தாளைத் தட்டையாக விரித்து, வில்லையைத் தாளுக்குச் சமாந்தரமாக, முக்காலியில் நிறுத்துங்கள். பிளாஸ்ரிக் உறையிட்ட படமென்றால் சற்றுச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மகனின் நெற்றியில் யன்னல் விழும். எடுத்தவற்றில் முதற்பிரதியை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். காலை எட்டு மணிக்கு முன்பே போய்ச் சேருங்கள்; பத்து மணி தாண்டினால் மன்னார் முற்றத்தில் தாள்தான் வெள்ளையாகத் தெரியும், எழுத்துத் தெரியாது.